தொழுவோரற்ற ஆலயத்தில் ஒரு கணினி

ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனா நகரில் தோரே கிரோனா என்னும் பழைய கிறிஸ்தவச் சிற்றாலயம் ஒன்றுண்டு. வழிபாடு நின்றுபோன அவ்வாலயத்தினுள் 'மாரே நோஸ்ட்ரம்' என்னும் சூப்பர் கம்ப்யூட்டர் நிறுவப்பட்டது. அப்பொழுது ஐரோப்பாவிலேயே வேகமிக்கது அதுவே. ஆலயத்தைச் சிதைக்காது, அதன் நடுவே கண்ணாடி அறையொன்று அமைத்து அதனுள் வைத்தனர். தட்பவெப்பம், மருத்துவம் முதலிய ஆய்வுகளுக்கான கணக்குகளை அது போட்டுத் தந்தது. ஒன்றன்பின் ஒன்றாய் நான்கு தலைமுறைக் கணினிகள் அங்கு இயங்கின. 2023-இல் தொடங்கப்பெற்ற ஐந்தாவது, அருகே எழுந்த புதிய கட்டிடத்திற்குச் சென்றுவிட்டது. ஆலயம் இன்றும் நிற்கின்றது.

இடித்துத் தள்ளாது காத்தவர்களின் பண்பைப் பாராட்டுவோம். ஆயினும் தொழுவோர் அகன்றபின் எஞ்சியது கட்டிடமே அன்றோ? நம் தெருப் பள்ளிவாசலில் இன்று ஃபஜ்ருக்கு எத்தனை ஸஃப்புகள் நிறைந்தன, நேயர்களே?