ஐந்து ஊசிகள்

உகண்டா நாட்டின் லுகண்டா மொழியிலே ‘கெவினா’ என்றொரு சொல் வழங்கி வந்தது. வைத்தியசாலை என்றும் அறநிலையம் என்றும் அதற்குப் பொருள் கூறுவர். அச்சொல்லின் வேரை ஆபிரிக்க மொழிகளிலே தேடுவதிற் பயனில்லை. அயர்லாந்தின் விக்லோ மாவட்டத்தில் 1875 ஆம் ஆண்டு பிறந்து, தெரேசா கேர்னி எனப் பெயர் பெற்று, பின்னர் இலண்டன் மில் ஹில்லில் இருந்த பிரான்சிஸ்கன் கன்னியர்மடத்திற் சேர்ந்து, கெவின் என்ற துறவுப் பெயரை ஏற்றுக்கொண்ட ஒரு பெண்மணியின் பெயரே அது. உகண்டா மக்கள் அவரை ‘மாமா கெவினா’ என்று அழைத்தார்கள். அந்த மொழியிலே ‘மாமா’ என்றால் அம்மா.

கன்னியர்மடப் பாடசாலையொன்றிற் பத்து ஆண்டுகள் படித்த சைவப் பிள்ளை நான். வெள்ளுடை அணிந்த சகோதரிகளின் ஒழுங்கும் கண்டிப்பும் கைவேலையும் எனக்குப் பழக்கமானவை. அவர்களைப் பற்றிப் பாடசாலை மலர்களில் வெளிவரும் கட்டுரைகளும் பழக்கமானவையே. ‘தியாகச் சுடர்’, ‘தன்னலமற்ற சேவை’ என்ற தொடர்கள் அவற்றிலே தவறாது இடம்பெறும். ஆபிரிக்காவுக்குச் சென்ற சகோதரிகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோது நானும் அத்தகையதொரு கட்டுரையை எழுதும் எண்ணத்துடனேயே தொடங்கினேன். நடுவழியில் ஒரு செய்தி என்னைத் தடுத்து நிறுத்திற்று. அதனைச் சொல்லுமுன் கெவின் அன்னையின் கதையைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும்.

உகண்டாவில் மில் ஹில் சபையின் ஆயராக இருந்த ஹென்றி ஹான்லனின் அழைப்பையேற்று ஆறு கன்னியர் 1902 டிசெம்பரில் இலண்டனிலிருந்து புறப்பட்டனர். 1903 ஜனவரி 15 ஆந் திகதி கம்பாலாவை அடுத்த நசம்பியா குன்றை அடைந்தனர். அக்காலத்தில் விக்டோரியா ஏரிக்கரையெங்கும் தூக்கநோய் பரவியிருந்தது. செற்சி என்னும் ஈயினால் பரவும் அந்நோய் அந்தச் சில ஆண்டுகளுக்குள் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றதாக மதிப்பிடப்படுகின்றது. ஊர்கள் வெறிச்சோடின. சகோதரிகள் தங்கள் முதல் மருந்தகத்தை ஒரு மாமரத்தின் கீழே தொடங்கினார்கள். இன்று நசம்பியாவில் உள்ள பெரிய வைத்தியசாலையின் தொடக்கம் அந்த மரநிழல்தான்.

முதலாம் உலகப் போர்க்காலத்திலே கிழக்காபிரிக்கக் காடுகளூடாகப் பிரித்தானியப் படைக்குச் சுமைதூக்கும்படி ஆயிரக்கணக்கான ஆபிரிக்கர் கொண்டு செல்லப்பட்டனர். நோயாலும் பட்டினியாலும் குலைந்துபோய் வந்த அம்மனிதருக்கு நசம்பியாவிலே சிகிச்சை அளிக்கப்பட்டது. அவர்கள் நடத்தப்பட்ட விதத்தைக் கண்டு அன்னை சினங்கொண்டார் என அறிகின்றோம். 1918 ஆம் ஆண்டு பிரித்தானிய அரசு அவருக்கு எம்.பீ.ஈ. பட்டம் வழங்கிற்று. எந்த அரசின் போர் அம்மனிதரை அந்நிலைக்கு ஆளாக்கியதோ, அதே அரசு அவர்களுடைய புண்களைக் கழுவியவருக்குப் பதக்கம் அளித்தது! மிஷனரிமார் குடியேற்ற ஆட்சியின் மறுகையாகவே தொழிற்பட்டனர் என்று நம்மில் ஒரு சாரார் வாதிடுவதுண்டு. அவ்வாதம் பொய்யென்று நான் கூறவரவில்லை. ஆனால் அந்த வாதத்தையும் பாடசாலை மலரின் புகழ்மொழியையும் ஒருங்கே வைத்துப் பார்க்கும்போது, இரண்டும் ஒரே குறையுடையனவாகத் தோன்றுகின்றன. அச்சகோதரிகள் காலையில் எழுந்து கையில் எதை எடுத்தார்கள், அதைக் கொண்டு என்ன செய்தார்கள் என்பதை இரண்டுமே கேட்பதில்லை.

கையில் எதை எடுக்கலாம் என்பதிலேயே அவர்களுக்குத் தடை இருந்தது. துறவு வார்த்தைப்பாடு கொடுத்த பெண்கள் மகப்பேற்று மருத்துவத்தில் ஈடுபடுவதை உரோமாபுரி நெடுங்காலம் அனுமதிக்கவில்லை. பிரசவ வேதனையிற் கிடக்கும் ஒருத்தியின் கட்டிலருகே நிற்பது கன்னிமைக்கு ஒவ்வாதது எனக் கருதப்பட்டது. பிரசவத்திலே தாயும் சேயும் மடிகின்ற நாடுகளுக்குச் சேவை செய்யவென்று சென்றவர்களுக்கு இவ்விதி! கெவின் அன்னை இத்தடையுடனேயே இருபது ஆண்டுகளை ஒட்டிய காலத்தைக் கழித்தார். பின்னர் துறவியல்லாத மருத்துவரான ஈவ்லின் கொனலி அம்மையாரின் துணையோடு 1921 இல் நசம்பியாவிலே தாதியருக்கும் மருத்துவிச்சிகளுக்குமான பயிற்சிப் பள்ளியொன்றைத் தொடங்கினார். 1923 இல் உகண்டாப் பெண்களுக்கென ‘புனித பிரான்சிஸின் சின்னச் சகோதரிகள்’ என்ற சபையையும் நிறுவினார்.

ஒஸ்திரியாவிற் பிறந்து மருத்துவம் கற்று, அந்நாளைய இந்தியாவின் ராவல்பிண்டியிற் பணியாற்றிய அன்னா டெங்கலும், நைஜீரியாவுக்குச் சென்ற டப்ளின் நகரத்து மேரி மார்ட்டினும் இதே சுவரிலேதான் முட்டிக்கொண்டனர். 1936 பெப்ரவரி 11 இல் உரோமாபுரி தன் விதியைத் தளர்த்தியது. சகோதரிகள் மருத்துவமும் மகப்பேற்றியலும் கற்கலாம், கற்கவும் வேண்டும் என்று அறிவித்தது. மறு ஆண்டு நைஜீரியாவின் போர்ட் ஹார்கோர்ட்டில், நோயுற்றுக் கட்டிலிற் கிடந்தபடியே மேரி மார்ட்டின் துறவு வார்த்தைப்பாடு கொடுத்தார். ‘மரியாளின் மருத்துவ மறைபரப்பாளர்’ என்ற சபை அவ்வாறு பிறந்தது.

அன்பு மாத்திரம் போதாது, பயிற்சியும் வேண்டும் என்பதை உரோமாபுரிக்கு உணர்த்த இப்பெண்களுக்கு இத்தனை ஆண்டுகள் சென்றன. உணர்த்திய பின்னரும் பாடம் எல்லா இடத்துக்கும் சென்று சேரவில்லை. என்னைத் தடுத்து நிறுத்திய செய்தி அதுதான்.

இன்று கொங்கோ சனநாயகக் குடியரசு எனப்படும் நாடு 1976 இல் சயர் எனப்பட்டது. அதன் வடபகுதியிலே, மழைக்காட்டின் நடுவே, யாம்புக்கு என்ற ஊரில் பெல்ஜிய மிஷன் வைத்தியசாலையொன்று இருந்தது. கட்டில்கள் 120. பணியாளர் பதினேழு பேர். அவர்களுள் தாதியராகவும் மருத்துவிச்சிகளாகவும் கடமையாற்றிய பெல்ஜியக் கன்னியரும் அடங்குவர். வைத்தியர் இல்லை. மாதமொன்றுக்கு ஆறாயிரம் முதல் பன்னீராயிரம் பேர் வரை அங்கு வந்து மருந்து பெற்றனர். நாளொன்றுக்கு இருநூறு பேர் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு நாட் காலையிலும் வெளிநோயாளர் பிரிவுக்கும் கர்ப்பிணித் தாய்மார் பிரிவுக்கும் விடுதிகளுக்குமாகச் சேர்த்து வழங்கப்பட்ட ஊசிகள் ஐந்து. ஒருவருக்கு ஏற்றிய ஊசியை வெந்நீர்ச் சட்டியில் அலசிவிட்டு அடுத்தவருக்கு ஏற்றினார்கள். மாலையிலே சில வேளைகளிற் கொதிக்கவைத்தார்கள்.

ஓகஸ்ட் 26 ஆந் திகதி மிஷன் பாடசாலை ஆசிரியர் ஒருவர் காய்ச்சலோடு வந்தார். மலேரியா எனக் கருதிக் குளோரோகுயின் ஊசி போடப்பட்டது. அவரைக் கொன்ற நோய் மலேரியாவன்று. பின்னர் எபோலா எனப் பெயரிடப்பட்ட அக்கொடிய நோய்க்கு அந்த இலையுதிர் காலத்துக்குள் 318 பேர் ஆளாயினர். 280 பேர் இறந்தனர். அவர்களுள் 85 பேருக்கு நோய் தொற்றிய வழியென ஆய்வாளர் காணக்கூடியதாக இருந்தது அவ்வைத்தியசாலையிற் போடப்பட்ட ஊசி ஒன்றே. ஊசியினால் மாத்திரம் தொற்றியவர்களுள் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. இளம் பெண்களே கூடுதலாகப் பாதிக்கப்பட்டனர். அவர்கள் கர்ப்பிணிகளாக வந்து, உடம்புக்குத் தெம்பு தரட்டும் என்று போடப்பட்ட விற்றமின் ஊசியை வாங்கிச் சென்றவர்கள். மகப்பேற்றுக் கட்டிலருகே நிற்கும் உரிமைக்காக முந்திய தலைமுறைச் சகோதரிகள் பட்ட பாட்டை அறிந்த பின்பு இதனைப் படிப்பது கடினமாக இருந்தது.

பதினேழு பணியாளருட் பதினொருவர் மாண்டனர். அவர்களிடையே சகோதரிகளும் இருந்தனர். செப்டெம்பர் முடிவிலே வைத்தியசாலை மூடப்பட்டது.

என் பெரியம்மா வடபகுதி அரசாங்க வைத்தியசாலைகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தாதியாக இருந்து ஓய்வுபெற்றவர். 1979 இல் அவர் வேலைக்குச் சேர்ந்தபோது இங்கும் கண்ணாடி ஊசிகளே. பயன்படுத்தியவற்றைக் கழுவி, பெட்டியில் அடுக்கி, கொதிக்கவைத்து எடுத்தால்தான் அடுத்த நோயாளிக்கு. போர்க்காலத்தில் மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு வந்த நாட்களை அவர் அடிக்கடி சொல்லுவார். அவருக்கு யாம்புக்குவின் கதையை வாசித்துக் காட்டினேன். காடு, தனிமை, வைத்தியர் இல்லாமை, மருந்துத் தட்டுப்பாடு எல்லாவற்றையும் சகோதரிகளின் சார்பிலே எடுத்துச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த பெரியம்மா ஒரேயொரு கேள்விதான் கேட்டார்.

“காடெண்டு சொல்லுறாய். அங்கை விறகு இல்லையே பிள்ளை?”

என்னிடம் விடை இருக்கவில்லை. விறகு இருந்தது. சட்டியும் இருந்தது. மாலையிற் கொதிக்கவைக்க முடிந்தவர்களுக்கு நண்பகலிலும் கொதிக்கவைக்க முடிந்திருக்கும். வாசலிலே இருநூறு பேர் காத்திருக்கும்போது ஐந்து ஊசிகளையும் அடுப்பிலே ஏற்றிவிட்டு, “பொறுங்கள்” என்று சொல்ல மனம் வராமற் போயிருக்கலாம். ஊசி போட்டால்தான் மருந்து என்று அந்த மக்கள் நம்பினார்கள். கேட்டுவந்தவரை வெறுங்கையோடு அனுப்பச் சகோதரிகள் விரும்பவில்லை. இரக்கமே அங்கு அவசரமாக மாறிவிட்டது.

குற்றத்தை அவர்கள் தலையிலே மாத்திரம் சுமத்துவதும் நியாயமன்று. 1960 இல் பெல்ஜியம் ஆட்சியைக் கைவிட்டபோது அந்தப் பெருநாட்டிலே கொங்கோவியரான மருத்துவர் ஒருவர்கூட இருக்கவில்லை. எண்பது ஆண்டுக்கால வெள்ளையர் ஆட்சி விட்டுச்சென்ற வெற்றிடம் அது. அந்த வெற்றிடத்திலேதான், அரசு செய்யவேண்டிய வேலையை ஒரு சில கன்னியர் ஐந்து ஊசிகளோடு செய்தார்கள். அவர்கள் அங்கிராவிட்டால் அந்த நோயாளருக்கு எவரும் இருந்திரார் என்பதும், அவர்கள் இருந்ததனாலேயே பலர் இறந்தனர் என்பதும் ஒருங்கே உண்மையாக இருக்கின்றன. எதை முதலிற் சொல்லுவது, எதைப் பின்னர் சொல்லுவது என்பதிலே நான் பல நாள் தடுமாறினேன்.

அவ்வாண்டு ஒக்டோபரில் ஆய்வாளர் குழு யாம்புக்குவை அடைந்தபோது எஞ்சியிருந்த சகோதரிகள் விருந்தினர் விடுதியிலே ஒதுங்கியிருந்தனர். தங்களைச் சுற்றிக் காயத்துக்குக் கட்டும் துணிச் சுருளால் வேலியொன்று கட்டி, நெருங்குவோர் இறக்க நேரிடும் என்று எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். கொள்ளைநோய்க் காலத்தில் நோயுள்ள இடத்தைச் சுற்றி எல்லையிட வேண்டும் என்று எங்கோ வாசித்திருந்தார்களாம். குழுவிலே வந்தவர்களுள் பெல்ஜியத்தின் அன்ற்வேர்ப் நகரத்து இளம் மருத்துவர் பீற்றர் பியோவும் ஒருவர். அவர் அவர்களுடைய தாய்மொழியிலே பேசிக்கொண்டு அந்த வேலியைத் தாண்டிச் சென்றார். இறந்தோரைப் பற்றிச் சகோதரிகள் எழுதிவைத்திருந்த குறிப்புகள் நோய் பரவிய வழியைக் கண்டுபிடிக்க உதவின. அந்தக் குறிப்புகள் தங்களுடைய ஊசிகளையே சுட்டின. ஊரின் பெயரை நோய்க்கு இட்டால் அவ்வூருக்குத் தீராப் பழியாகும் என்று கருதி, அப்பகுதியில் ஓடும் எபோலா ஆற்றின் பெயரை ஆய்வாளர் தெரிந்தெடுத்தனர்.

பத்தொன்பது ஆண்டுகளின் பின்னர், 1995 இல், அதே நாட்டின் கிக்விற் நகரிலே அந்நோய் மீண்டும் தோன்றியது. சத்திரசிகிச்சைக் கூடத்தில் நோயாளி ஒருவருக்கு வயிற்றில் அறுவை செய்தவர்களுக்கும் உதவியவர்களுக்கும் அது தொற்றியது. மொத்தம் 315 பேர் நோயுற்றனர். அவர்களுள் ஏறத்தாழ எண்பது பேர் வைத்தியசாலைப் பணியாளர். இத்தாலியின் பேர்கமோ நகரைச் சேர்ந்த ‘ஏழைகளின் சகோதரிகள்’ சபையினர் அறுவர் ஏப்பிரல் 25 முதல் மே 28 வரையுள்ள நாட்களில் அடுத்தடுத்து இறந்தனர்: புளோரால்பா, கிளாராஞ்செலா, டானியேலாஞ்செலா, டினாரோசா, அனெல்விரா, வித்தாறோசா. நோயுற்ற சகோதரியைப் பார்க்க வந்தவர், பின்னர் அவரைப் பார்க்க வந்தவர் என்று அது தொடர்ந்தது. வித்தாறோசா கின்ஷாசாவிலே பாதுகாப்பாக இருந்தவர். தாமே விரும்பிக் கிக்விற்றுக்குச் சென்றார். கையுறையும் முகமூடியும் மேலங்கியும் போதிய அளவில் வந்து சேர்ந்து, அவற்றை அணியும் முறையும் கற்பிக்கப்பட்ட பின்னர் பணியாளரிடையே தொற்று வெகுவாகக் குறைந்தது. 2021 இல் வத்திக்கான் அவ்வறுவரையும் வணக்கத்துக்குரியோர் என அறிவித்தது. யாம்புக்குவிலும் கிக்விற்றிலும் அவர்களோடு இறந்த ஆபிரிக்கத் தாதியரின் பெயர்களை நான் தேடிப் படிக்க வேண்டியிருந்தது. அவை எந்த அறிவிப்பிலும் வரவில்லை.

இன்று நசம்பியா வைத்தியசாலையை நடத்துபவர்கள் கெவின் அன்னை நிறுவிய சின்னச் சகோதரிகள்; உகண்டாவினதும் அயல்நாடுகளினதும் பெண்கள். அன்னை 1957 இல் அமெரிக்காவிலே காலமானார். அவருடைய உடல் முதலில் அயர்லாந்திலே அடக்கம் செய்யப்பட்டது. உகண்டா மக்கள் அதனைக் கேட்டுப் பெற்று, அவ்வாண்டே என்கொகோன்ஜெரு என்னும் ஊரிலே மீண்டும் அடக்கம் செய்தார்கள்.

கிக்விற் சகோதரிகளின் வரலாற்றையும் பெரியம்மாவுக்கு வாசித்தேன். புளோரால்பா 1924 இற் பிறந்தவர், 1952 முதல் கொங்கோவிற் பணிசெய்தவர், சத்திரசிகிச்சைக் கூடத் தாதி என்று நான் வாசித்தபோது அவர் கையைக் காட்டி நிறுத்தினார். மனத்துக்குள் கணக்குப் பார்த்தார்.

“எழுபது வயதிலையும் தியேட்டரிலை நிண்டவவோ?”

“ஓம், பெரியம்மா.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார். பிறகு, மற்ற ஐந்து பேரையும் பற்றி வாசிக்கச் சொன்னார்.