புள்ளி வராத விசைப்பலகை

பாமினி எழுத்துருவில் தமிழ் அடிப்பவர்களுக்குத் தெரியும், ஆங்கில ‘எல்’ எழுத்துக்கு வலப்புறம் இருக்கும் அரைப்புள்ளி விசைதான் நமக்கு மெய்யெழுத்தின் புள்ளி. வாப்பா வவுனியாவில் வாங்கி வந்த புதிய விசைப்பலகையில் வேலை செய்ய மறுத்தது அந்த ஒரு விசை மட்டுமே. வேறெந்த விசை பழுதாகியிருந்தாலும் இவ்வளவு தவித்திருக்க மாட்டேன்.

அப்போது எதிர்வீட்டு மாமிக்காக பிரதேச செயலாளருக்கு ஒரு கடிதம் அடித்துக்கொண்டிருந்தேன். இடப்பெயர்வில் காணி அனுமதிப்பத்திரத்தைத் தொலைத்தவர் அவர். புளியங்குளத்தில் இப்படி எத்தனையோ பேர். திரையைப் பார்த்தால் ‘என் காணி’ என்பது ‘என காணி’ என்று நிற்கிறது. மாமியின் மண் வீடு மண வீடாகிவிட்டது! மாமி சிரித்தார். ஆனால், திங்கட்கிழமை கொடுக்கவேண்டிய கடிதம் அது.

ஓலைச்சுவடிக் காலத்தில் பெரும்பாலும் புள்ளி இடாமலே எழுதினார்கள். மெய்யெழுத்து புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் சொல்லியிருந்தும் அப்படித்தான். எழுத்தாணி ஓலையைத் துளைத்துவிடும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். படிப்பவர்கள் இடமறிந்து புள்ளியைச் சேர்த்துப் படித்தார்கள். சுக்கூன் போடாத அரபு எழுத்தை, மொழி தெரிந்தவர்கள் படிப்பதில்லையா, அதுபோல. ஆனால் காணிக் கடிதத்தை அப்படி ஊகித்துப் படிக்கும்படி ஓர் அலுவலரைக் கேட்க முடியுமா?

பழுது எதில் என்று முதலில் பார்த்தேன். கணினியிலேயே இருக்கும் திரை விசைப்பலகையைத் திறந்து சுட்டியால் அழுத்தினால் புள்ளி வந்தது. ஆகவே எழுத்துருவில் குறையில்லை. பக்கத்து வீட்டு மடிக்கணினியில் செருகிப் பார்த்தோம், அங்கும் அதே விசைதான் ஊமை. இவ்வகை விசைகளுக்குக் கீழே ஒரு சிறு இறப்பர் குமிழ் இருக்கும். அதற்கும் கீழே மின்கடத்தும் கோடுகள் அச்சிட்ட இரண்டு மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள். குமிழ் அமுங்கி மேல்தாள் கீழ்த்தாளைத் தொட்டால்தான் எழுத்து வரும். தம்பி ஸ்குரூ ஆணி கழற்றும் கருவியோடு வந்தான். விடவில்லை. திறந்தால் உத்தரவாதம் போய்விடும்.

தமிழ்நாட்டில் 1999இல் வந்த தமிழ்99 முறையில் ஒரே மெய்யை இருமுறை அடித்தால் முன்னதற்குப் புள்ளி தானாக விழும். நல்ல ஏற்பாடு. என் விரல்கள்தான் பாமினியில் ஊறியவை. அதனால், ஒரு புள்ளியை நகலெடுத்து வைத்துக்கொண்டு, வேண்டிய இடத்திலெல்லாம் ஒட்டினேன். ஒரு பக்கக் கடிதத்துக்கு நூற்றுக்கு மேல் புள்ளிகள்! கை உளைந்தது. திங்கட்கிழமை மாமி கடிதத்தோடு பஸ் ஏறினார்.

அடுத்த சனிக்கிழமை, பற்றுச்சீட்டோடு வாப்பாவும் நானும் கடைக்குப் போனோம். கடைப் பையன் ‘ஏ’யிலிருந்து ‘இசட்’ வரை மளமளவென்று தட்டினான்.

“எல்லாம் வேலை செய்யுதுதானே, தங்கச்சி.”

“பாமினியில ‘வணக்கம்’ எண்டு ஒருக்கா அடிச்சுப் பாருங்கோ, அண்ணா.”

‘வணககம’ என்று வந்தது. திரையைப் பார்த்தான், வாப்பாவைப் பார்த்தான், பேசாமல் உள்ளே போய் வேறொரு பெட்டியை எடுத்து வந்தான். அதைக் கட்ட விடாமல், அங்கேயே செருகி, புள்ளியைத்தான் முதலில் அடித்துப் பார்த்தேன்.