விடியுமுன் பறப்போர்க்கு நீர்கொழும்பில் ஓர் இராப்போசனம்

கப்பலேறிப் பிரயாணஞ் செய்த காலத்திலே, துறைமுகத்துக்கு அண்மையில் நல்ல சாப்பாட்டுக்கடை எதுவென அறிந்துவைத்தல் பிரயாணிக்கு இன்றியமையாததாயிருந்தது. ஆகாய விமானப் பிரயாணம் சாதாரணமாகிவிட்ட இக்காலத்திலும் அத்தேவை நீங்கிவிடவில்லை. நேரம் மாத்திரமே மாறியிருக்கின்றது. கட்டுநாயக்காவிலிருந்து புறப்படும் விமானங்களிற் பல, நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையிலே எழுகின்றன. மூன்று மணி நேரம் முன்னதாக வந்துவிடுமாறு விமானக் கம்பனிகள் அறிவுறுத்துகின்றன. நாலரை மணிக்கு விமானமென்றால் ஒன்றரை மணிக்கு நிலைய வாசலில் நிற்றல் வேண்டும். அவ்விரவிலே எங்கே உண்பது, எதைப் பருகுவது, எப்பொழுது கண்ணயர்வது என்பன சிறு கேள்விகளாகத் தோன்றினும், நெடும் பிரயாணத்தின் சுகமும் அசுகமும் பெரிதும் அவற்றிலேயே தங்கியுள்ளன.

வடபகுதி மக்களுக்கு இக்கேள்விகள் இன்னும் முக்கியமானவை. பலாலியிலே 2019ஆம் ஆண்டு சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டு, தமிழகத்துக்குச் செல்லும் வழி இலகுவாயிற்று என்பது உண்மையே. ஆயினும் இலண்டனுக்கோ கனடாவுக்கோ செல்பவர் கட்டுநாயக்காவையே நாடவேண்டியிருக்கின்றது. யாழ்ப்பாணத்திலிருந்து அநுராதபுரம், புத்தளம், சிலாபம் என்று ஒரு பகல் முழுவதும் வானிலே குலுங்கி வந்து சேர்பவர், அன்றிரவே விமானமும் ஏறுவதாயின், இடையிலே ஓரிடத்தில் குளித்து, உண்டு, சற்றே படுத்தெழும்பாமல் முடியாது.

கொழும்புக்குப் போய்த் தங்கலாமே எனச் சிலர் கூறுவர். கொழும்பிலிருந்து விமான நிலையம் முப்பது கிலோமீற்றருக்கும் அதிகமான தூரம். 2013இல் திறக்கப்பட்ட அதிவேக நெடுஞ்சாலை அத்தூரத்தைச் சுருக்கியதேனும், வடக்கிலிருந்து வருபவர் விமான நிலையத்தைக் கடந்து சென்று மீண்டும் திரும்பிவருதல் வீண் அலைச்சலேயாம். நீர்கொழும்போ வரும் வழியிலேயே உள்ளது. அங்கிருந்து கட்டுநாயக்கா சுமார் பத்துக் கிலோமீற்றர். இரண்டாம் உலக மகாயுத்த காலத்திலே பிரித்தானிய விமானப் படையினர் அமைத்து, 1957இல் இலங்கையிடம் கையளித்துச் சென்ற தளமே இன்றைய சர்வதேச விமான நிலையம். யுத்த காலத்திலே அத்தளத்துக்கு வழங்கிய பெயரும் நீர்கொழும்பு என்பதுதான்.

ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்புமாக அமைந்த பட்டினம் இது. போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டையின் எஞ்சிய வாயிலிலே 1678 என்னும் ஆண்டு பொறிக்கப்பட்டிருப்பதை இன்றுங் காணலாம். கத்தோலிக்க ஆலயங்கள் நிறைந்தமையால் இதனைச் 'சின்ன ரோமாபுரி' என்பர். கடற்கரைத் தெருவிலே அம்மன் கோயிற் கோபுரமும் எழுந்து நிற்கின்றது. இங்குள்ள மீனவக் குடும்பங்கள் பலவற்றிலே சிங்களமும் தமிழும் ஒரே நாவிற் புழங்குகின்றன. 2019 ஏப்ரல் 21ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கட்டுவாப்பிட்டி தேவாலயத்திலே நூற்றுக்கு மேற்பட்டோர் குண்டுக்கு இரையாகிய துயரத்தையும் தாங்கிக்கொண்டு, இப்பட்டினம் தன் தொழிலைத் தொடர்ந்து செய்துவருகின்றது.

தொழில் என்றால் மீன்தான். விடியற்காலையிலே 'லெல்லம' எனப்படும் மீன் சந்தையில் ஏலக் குரல் எழும். பக்கத்து மணற்பரப்பிலே பாய்கள் விரித்துக் கருவாடு உலர்த்துவர். கடலிலிருந்து அறக்குளாவும் பாரையும் கணவாயும் வர, களப்பிலிருந்து இறாலும் நண்டும் வருகின்றன. இலங்கையின் களப்பு நண்டுக்குச் சிங்கப்பூரிலே பெருமதிப்புண்டு. உயிருடன் கட்டப்பட்டு, நம்மைப் போலவே கட்டுநாயக்காவிலிருந்து விமானமேறிச் செல்லும் நண்டுகள் அநேகம். அவற்றுக்கு இராப்போசனம் பற்றிய கவலை இல்லை என்பதொன்றே வேறுபாடு!

அண்மையில், எம் பெரியப்பாவையும் பெரியம்மாவையும் வழியனுப்புதற்காக நாமும் இப்பட்டினத்திற் தங்க நேர்ந்தது. கனடாவிலுள்ள மகனிடம் இருவரும் செல்கின்றனர். சுற்றிப் பார்த்துத் திரும்பும் பிரயாணமன்று. ஊர் வீட்டின் திறப்பை அயலவரிடம் கொடுத்துவிட்டுச் செல்லும் பிரயாணம். பெரியப்பாவுக்கு எண்பது வயது நெருங்குகின்றது, சலரோகமும் உண்டு. வேளைக்கு உணவு கொள்ளாவிடில் மயக்கம் வந்துவிடும். அவரோ காலையிலிருந்து ஒரு பிளேன்ரீயும் இரண்டு பிஸ்கற்றும் அன்றி வேறெதையும் தொடவில்லை. வழியிலே சிலாபத்திற் சோற்றுக்கடை ஒன்றின் முன்னே வானை நிறுத்தியபோதும், "எனக்குப் பசியில்லை, நீங்கள் சாப்பிடுங்கோ" என்று சொல்லி வெளியே பார்த்தபடி இருந்துவிட்டார். அன்றிரவு அவரை உண்ணச் செய்தல் வேண்டும் என்பதே எமது பெருங் கவலையாயிற்று.

அன்று போயா தினம். மதுபானம் விற்றல் எங்கும் தடை. ஊரைவிட்டுப் போகுமுன் தென்னஞ் சாராயத்தில் ஒரு சிறு கிளாஸ் அருந்தலாமென்று பெரியப்பா எண்ணியிருந்தது எமக்குத் தெரியும். கடற்கரையோரத்துப் பெரிய விடுதிகளில் விளக்கு அலங்காரங்களும் வாத்தியங்களும் நிறைந்திருந்தன. அந்த ஆரவாரம் அவருக்கு ஒவ்வாதென்று கண்டு, களப்புப் பக்கமாயுள்ள சிறு தங்குமனை ஒன்றுக்குச் சென்றோம். வீட்டுக்கார அம்மாளே அங்கு சமைப்பவர். பெரியம்மா கடற்கரைத் தெருக் கோயிலிற் கும்பிட்டு வந்தபொழுது மணி ஆறு. ஆறரைக்கு இலை போட்டாயிற்று.

பூரணை நாளாதலின் பெரியம்மா இடியப்பம், சொதி, தேங்காய்ச் சம்பலுடன் நின்றுகொண்டார். பெரியப்பாவின் முன்னே அப்பமும் களப்பு நண்டுக் கறியும் வைக்கப்பட்டன. அவர் கைவைக்கவில்லை. பின்பு குழம்பிலே மிதந்த பச்சையிலை ஒன்றை விரலால் எடுத்துப் பார்த்தார். "இதென்ன பிள்ளை, முருங்கையிலை போட்டிருக்கிறாய்?" என்றார்.

"நண்டுக்கு முருங்கையிலை போடாமல் எப்பிடி ஐயா? எங்கட அம்மாவும் அப்பிடித்தான்," என்றார் வீட்டுக்கார அம்மாள்.

பெரியப்பா ஒரு வாய் உண்டார். அதன்பின், எவரும் கேளாமலே, பேசத் தொடங்கினார். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்து முப்பதாந் திகதி இரவு, வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, அடுப்பிலே உலை கொதித்துக்கொண்டிருந்ததாம். அரிசி வெந்தது, உண்ண நேரமில்லை. பானையை இறக்கி வைத்துவிட்டுக் கொட்டும் மழையிலே நடந்தார்களாம். "அண்டைக்கு வீட்டை விட்டு வெறும் வயிறாய்ப் போனோம். இண்டைக்குச் சாப்பிட்டிட்டுப் போறம். அது போதும்," என்றார்.

பெரியம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். அந்நிலையை மாற்ற எண்ணியோ என்னவோ, அப்பம் மிருதுவாயிருப்பதன் இரகசியம் யாதென வினவினார். முதல்நாளே கள்ளு விட்டு மாவைப் புளிக்கவைத்ததாக வீட்டுக்கார அம்மாள் கூறவும், பெரியப்பா நிமிர்ந்தார். "கேட்டியே? போயா எண்டாலென்ன, கள்ளு அப்பத்துக்குள்ள ஒளிச்சு வந்திட்டுது!" என்றார். பல நாட்களுக்குப் பிறகு அவர் சிரித்ததை அன்றுதான் கண்டோம். மூன்று அப்பம் உண்டார்.

பானங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. தென்னம் பாளையிலிருந்து இறக்கிய கள் உடனேயே நுரைக்கத் தொடங்கும். நேரஞ் செல்லச் செல்ல இனிப்புக் குறைந்து வெறி கூடும். அதனை வடித்து, ஹல்மில்லை மரத் தொட்டிகளிலே முதிரவைத்து எடுப்பது நாட்டின் புகழ்பெற்ற சாராயம். போயா அல்லாத நாளிலே, பழக்கமுள்ளவர் உணவுடன் சிறிதளவு அருந்துவதை நாம் குறைகூற வரவில்லை. ஆனால் அதனை 'நித்திரை மருந்து' என்று எண்ணுதல் தவறு. மது உடலின் நீரை வெளியேற்றும். விமானத்தினுள்ளே காற்று மிக வறண்டது. இரண்டும் சேர்ந்தாற் தலையிடியே எஞ்சும். வெறியேறிய பிரயாணியை ஏற்ற மறுக்கும் உரிமையும் விமானக் கம்பனிக்கு உண்டு. செவ்விளநீரும் சுடுதண்ணீரும் அவ்விரவுக்கு உற்ற துணைகள். ஆயின், இளநீரிலும் இனிப்பு உண்டாதலால் சலரோகமுள்ளவர் அளவறிந்து பருகுக.

சோடா வகைகளையும், பருப்பு, கோவா முதலிய வாயுப் பண்டங்களையும் குறைத்துக்கொள்ளல் நன்று. பறக்கும் விமானத்தினுள் காற்றமுக்கம் ஏறத்தாழ எண்ணாயிரம் அடி மலையுச்சியிலுள்ள அளவுக்குக் குறையக்கூடும். அப்பொழுது வயிற்றிலுள்ள வாயு மூன்றிலொரு பங்களவு மேலும் விரிகின்றது. நீண்ட பிரயாணத்திலே பலர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருந்துவதற்கு இதுவே காரணம்.

ஆகவே, அதிகாலை விமானம் ஏறுவோர்க்கு நாம் கூறுவது இதுவே. பிற்பகலிலேயே நீர்கொழும்பை அடையுங்கள். நண்டும் இறாலும் வேண்டுமாயின், தங்குமனையாரிடம் வந்தவுடனேயே சொல்லிவைத்தல் நலம். ஞாயிற்றுக்கிழமைகளிலே பெரும்பாலான மீனவர் கடலுக்குச் செல்லாராதலின் புதுமீன் அரிது. விலையை முன்னரே பேசிக்கொள்ளுங்கள். ஏழு மணிக்குள் உண்டு, ஒன்பதுக்குள் படுத்து, பன்னிரண்டரைக்கு எழும்பலாம். வாகனத்தை முன்னிரவிலேயே ஒழுங்கு செய்தல் வேண்டும். மருந்துகளைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதியோர் பிரயாணஞ் செய்வதாயின் இன்னுமொன்றையும் சேர்த்துக்கொள்ளுக. அவர்கள் நாவறிந்த சுவை ஒன்றேனும் அன்றைய இலையில் இருக்கட்டும். கடவுச்சீட்டும் விமானச் சீட்டும் சரியாயிருக்கின்றனவா என்று நூறு முறை பார்க்கின்றோம். அவர்கள் உண்டார்களா என்று பார்க்க மறந்துவிடுகின்றோம். வயிறு நிறைந்து விடைபெறுபவருக்கு ஊரின் நினைவும் இனிதாயிருக்கும். அனுப்பிவிட்டுத் திரும்புபவருக்கும் வழி சற்றே குறுகியதாகத் தோன்றும்.