விளக்கு எரிந்தது, மின்சாரம் வரவில்லை

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை இயற்பியல்)

என் தாயின் காதில் இன்றும் தோடு மின்னுகிறது. அது அங்கேயே இருப்பதற்குக் காரணம் ஒரு துளி ஈயப் பற்று என்றால் நீங்கள் நகைப்பீர்கள். நடந்ததைக் கூறுகிறேன், பிறகு நகையுங்கள்.

அண்ணன் படித்து முடித்தபின் எனக்கு வந்து சேர்ந்தது அந்த மடிக்கணினி. அதன் பேட்டரி பத்து நிமிடம் தாங்கினால் பெரிது. ஆகவே, முளையில் கட்டிய கன்றுக்குட்டியைப் போல எந்நேரமும் சுவரோடு சேர்ந்தே கிடக்கும். சார்ஜர் ஒயரைச் சற்று வளைத்து, அதன்மேல் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்தால் சார்ஜ் ஏறும்; எடுத்தால் நின்றுவிடும். அது எந்தப் பாடத்தின் நோட்டு தெரியுமா? மின்னியல்!

செயல்திட்ட அறிக்கையை ஒப்படைக்க மூன்றே நாள்கள் இருந்தபோது, ஒரு மாலை கணினி அடியோடு அணைந்தது. தோழி சொன்னபடி சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றிவிட்டு, பொத்தானை முப்பது விநாடி அழுத்திப் பார்த்தேன். உள்ளே தங்கிய மின்னூட்டம் வடிந்தால் சில கணினிகள் எழுந்துகொள்ளுமாம். என்னுடையது எழவில்லை.

கடைக்காரர் சார்ஜரைச் செருகினார். அதன் பச்சை விளக்கு எரிந்தது. “சார்ஜர் நன்றாக இருக்கிறது. போர்டு போய்விட்டது. ஆறாயிரம் ஆகும்” என்றார்.

அன்றிரவு அப்பா ஒன்றும் பேசவில்லை. அம்மாவின் கை மட்டும் தானாகக் காதைத் தொட்டுப் பார்த்தது. அந்தக் காட்சியைக் கண்டபின் எனக்கு உறக்கம் வருமா?

மறுநாள் காலை ஆய்வகத்தில் வாடிய முகத்துடன் நின்றேன். ஓய்வுபெறும் வயதை நெருங்கிய எங்கள் ஆய்வக உதவியாளர், “என்னம்மா, யாருக்கு உடம்பு சரியில்லை?” என்றார். சொன்னேன்.

“போர்டு போச்சுன்னு அளந்து பார்த்தாங்களா?”

“இல்லீங்க ஐயா. சார்ஜர்ல விளக்கு எரியுது, அதனால…”

“விளக்கு பெட்டியில இருக்கு. கணினி ஒயரோட அந்தக் கோடியில இருக்கு. நடுவுல ஒண்ணரை மீட்டர் இருக்கேம்மா!”

சுரீரென்று உறைத்தது. மூன்றாண்டுகள் ஓம் விதியை எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். என் வீட்டுப் பொருள் ஒன்றை அளந்து பார்க்க வேண்டும் என்று ஒருமுறைகூடத் தோன்றவில்லையே!

முதலில் அவர் பேட்டரியைக் கழற்றி, மேசைமேல் வைத்து உப்பியிருக்கிறதா என்று பார்த்தார். உப்பிய பேட்டரியின் உள்ளே வாயு சேர்ந்திருக்கும்; அதை அழுத்தவோ குத்தவோ மீண்டும் சார்ஜ் ஏற்றவோ கூடாது, குப்பையிலும் போடக்கூடாது என்றார். நல்லவேளை, தட்டையாகவே இருந்தது.

பிறகு மல்டிமீட்டரை என் கையில் கொடுத்தார். சார்ஜரின் மேல் 19 வோல்ட், 3.42 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தது. பெருக்கினால் ஏறத்தாழ 65 வாட். முனையின் உள்துளையில் ஒரு கம்பியையும் வெளிப்புறத்தில் மற்றொன்றையும் வைத்தேன். சுழி! ஒயரின் கழுத்தை வளைத்தேன், 19. விட்டேன், மீண்டும் சுழி. நோட்டுப் புத்தகம் இத்தனை நாள் செய்த வேலை விளங்கியது.

சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்கி, முறிந்த பகுதியை வெட்டி நீக்கினோம். நடுக்கம்பியையும் அதைச் சுற்றிய வலைக்கம்பியையும் தனித்தனியே பற்றவைத்து உறையிட்டோம். “இப்போ 19 காட்டும். அது போதாது. சுமை ஏத்திப் பார்க்கணும்” என்றார் ஐயா. வெறுமனே இருக்கும்போது சரியாகக் காட்டிவிட்டு, சுமை ஏறியதும் சரிந்துவிடும் சார்ஜர்களும் உண்டாம். பத்து ஓம் ரியோஸ்டாட்டை இணைத்தோம். அம்மீட்டர் முள் 1.9இல் நின்றது, மின்னழுத்தமும் இறங்கவில்லை. பரீட்சைத் தாளில் நான் கண்ட ஓம் விதி, அன்றுதான் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது!

கணினி உயிர் பெற்றது. அறிக்கையும் பத்திரமாக இருந்தது. பின்னர் விண்டோசின் பேட்டரி அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். புதிதில் 41 வாட்-மணி கொள்ளளவு, இப்போது 6. ஒயர் முறிந்ததும் மிச்சமிருந்த அந்தச் சிறு சேமிப்பும் தீர்ந்துவிட்டது. இரண்டு சிறு நோய்கள் சேர்ந்து ஒரு பெருநோய் போல வேடமிட்டிருக்கின்றன!

லித்தியம் அயனி மின்கலத்தை உருவாக்கிய குட்எனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கு 2019இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது என்று பொது அறிவுப் போட்டிக்காக மனப்பாடம் செய்திருந்தேன். அந்த மின்கலத்துக்கு வெப்பமும், எந்நேரமும் முழு ஏற்றத்தில் இருப்பதும் ஆகாது என்பதை மட்டும் அறியவில்லை. மெத்தைமேல் வைத்து, காற்றுத் துளைகளை மூடி, இரவெல்லாம் சார்ஜில் விட்டு, அதன் ஆயுளை நானே குறைத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம், “ஆறாயிரம் வேண்டாம்மா” என்றேன். “எவ்வளவு ஆச்சு?” என்றார். “ஒரு தேநீர்” என்றேன். ஐயா அதற்கும் காசு வாங்க மறுத்துவிட்டார் என்பதைப் பிறகுதான் சொன்னேன்.

அம்மா மீண்டும் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இம்முறை சிரித்தபடி.