இருபத்து நாலாயிரம் ரூபாய்

மூன்றாமாண்டு, இயந்திரவியல் துறை



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, எனக்குக் கவிதை வராது என்று சொல்லி நழுவப் பார்த்தேன். "தெரிஞ்சதை எழுதுடா" என்றார்கள். எனக்கு நன்றாகத் தெரிந்தது என்.எம்.எம்.எஸ். ஒன்றுதான். நம் வகுப்பிலேயே என்னையும் சேர்த்து நாலு பேர் அந்தத் தேர்வில் தேறியவர்கள். ஆனால் ஒருவரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. பாதியில் விட்டுவிட்டு வந்ததைப் பெருமையாகவா சொல்ல முடியும்?

தெரியாதவர்களுக்காக: இது மத்திய அரசு 2008-ல் தொடங்கிய உதவித்தொகை. எட்டாம் வகுப்பில் தேர்வு எழுத வேண்டும். அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும்தான். ஆண்டுக்கு இந்தியா முழுவதும் ஒரு லட்சம் பேர். அதில் தமிழ்நாட்டுக்கு 6,695. முதலில் மாதம் 500 ரூபாயாக இருந்து 2017-ல் 1,000 ஆனது. ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை நாலு வருடம். மொத்தம் 48,000 ரூபாய்!

நான் ஏழாவது முடிக்கும் முன்பே, 2020 மார்ச்சில் பள்ளியைப் பூட்டினார்கள். அடுத்த கல்வியாண்டு முழுவதும் எட்டாம் வகுப்புக்குத் திறக்கவே இல்லை. கல்வித் தொலைக்காட்சியில்தான் பாடம். எங்கள் வீட்டு டி.வி. அந்த நேரம் பார்த்துக் கெட்டுப் போயிருந்தது. நான் அப்பாவோடு தேங்காய்க் களத்துக்குப் போக ஆரம்பித்தேன். அப்பா உரிப்பார். நான் காய் எண்ணிப் போடுவேன், மட்டையை அள்ளிக் குவிப்பேன்.

ஒரு நாள் எங்கள் கணக்கு டீச்சர் பழைய கேள்வித்தாள்களை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு களத்துக்கே வந்துவிட்டார்.

"ஏனுங்கண்ணா, ரெண்டு மாசத்துக்கு சாயங்காலம் மட்டும் தம்பியைக் கோயில் மண்டபத்துக்கு அனுப்புங்க."

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அதுக்கு எவ்வளவுங்க டீச்சர் கட்டோணும்?" என்றார்.

"நீங்க கட்ட வேண்டாமுங்க. பாஸ் பண்ணினா அவங்கதான் குடுப்பாங்க."

அப்பா நம்பவில்லை. படிக்கிறதுக்குப் போயி யாராச்சும் காசு குடுப்பாங்களா என்று அம்மாவிடம் இரவெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தார். எங்கள் வீட்டில் அதுவரை படிப்பு என்றால் செலவுதான்.

2021 பிப்ரவரியில் உடுமலையில் முகக்கவசத்தோடு எழுதினோம். மனத்திறன் 90 கேள்வி, 90 நிமிடம். பிறகு படிப்புத்திறன் 90 கேள்வி, அதற்கும் 90 நிமிடம். கண்ணாடியில் இந்த எழுத்து எப்படித் தெரியும், 2, 6, 12, 20 அடுத்து என்ன, இப்படியெல்லாம் கேட்பார்கள். எனக்கு அது விளையாட்டு மாதிரிதான் இருந்தது. ஒரு வருடமாகப் பெஞ்சையே பார்க்காதவனுக்கு அதில் உட்கார்ந்ததே பெரிய சந்தோஷம். எங்கள் பள்ளியில் இரண்டு பேர் தேறினோம், நானும் பக்கத்துத் தெரு நண்பனும். பள்ளி வாசலில் பிளெக்ஸ் வைத்தார்கள். அப்பா வேலைக்குப் போகிற வழியை மாற்றிக்கொண்டு தினமும் அந்தப் பக்கமாகப் போனார்.

உள்ளே நுழைவது ஒரு காலை வேலை. உள்ளேயே இருப்பதுதான் பாடு என்று பிறகுதான் தெரிந்தது. ஒன்பதாம் வகுப்பில் 55 சதவீதம் எடுக்க வேண்டும், பத்தில் 60, பதினொன்றில் மறுபடி 55. (எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு 5 சதவீதம் சலுகை உண்டு.) அது போக ஒவ்வொரு வருடமும் இணையதளத்தில் புதுப்பிக்க வேண்டும். தேதி தவறினால் போச்சு. எனக்கு முதல் வருடப் பணம் எல்லோருக்கும் வந்த பிறகும் வரவில்லை. கணக்கோடு ஆதார் இணையவில்லையாம். பெயர் சொல்ல விரும்பாத ஒரு வங்கியில் நானும் அப்பாவும் மூன்று நாள் நின்றோம். அப்பாவுக்கு மூன்று நாள் கூலி போயிற்று. "ஆயிரத்துக்கு நின்னு ரெண்டாயிரத்தை விட்டாச்சு" என்று சிரித்தார். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

ஒன்பதாம் வகுப்பு 2021 செப்டம்பரில்தான் திறந்தது. ஒன்றரை வருடம் களத்தில் இருந்தவனுக்கு இயற்கணிதம் ஏறவில்லை. ஒரு தேர்வில் கணக்கில் 38 வாங்கினேன். 500-க்கு 275 வந்தால்தான் பட்டியலில் பெயர் நிற்கும். பரீட்சைக்கு முன் மாதத்தில் 275, 275 என்று தூக்கத்திலும் உளறினேனாம், தங்கச்சி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். 291 வந்தது. அந்த 16 மார்க்கை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. பத்தாவதில் 412 எடுத்துவிட்டேன், அதில் சிரமம் இல்லை.

அதன் பிறகுதான் வினை! 2023 மே மாதம், பாலிடெக்னிக் சேரப் போகிறேன் என்று பள்ளியில் போய்ச் சொன்னேன். "டிப்ளமோ போனா ஸ்காலர்ஷிப் நின்னுரும் தம்பி, தெரியுமில்ல?" என்றார் டீச்சர். எனக்குத் தெரியாது. அது பன்னிரண்டாம் வகுப்பு வரைக்குமான பள்ளிப் படிப்புப் பணம். நம் படிப்பு அந்தக் கணக்கில் வராது. இன்னும் இரண்டு வருடம் பாக்கி, 24,000 ரூபாய். அப்பா எதையும் காய்க் கணக்கில்தான் யோசிப்பார். எத்தனை காய் உரித்தால் அத்தனை பணம் என்று விரலை மடக்கியவர், பாதியில் நிறுத்திவிட்டு, "உனக்கு லேத்து வேலதான் புடிச்சிருக்குதா?" என்று மட்டும் கேட்டார். ஆமாங்கப்பா என்றேன். "அப்ப அதையே படி கண்ணு."

சேர்ந்த முதல் மாதத்தில், செய்தது தப்போ என்று பல நாள் நினைத்திருக்கிறேன். பஸ் பாஸ் வாங்கி, டிராஃப்டர் வாங்கி, யூனிஃபார்ம் தைத்த மாதம் அது. 2024 ஆகஸ்ட் 9-ல் கோவையில் தமிழ்ப் புதல்வன் திட்டம் தொடங்கிய பிறகு மறுபடி மாதம் 1,000 ரூபாய் வர ஆரம்பித்தது. (மாணவிகளுக்கு 2022 செப்டம்பரிலேயே புதுமைப் பெண் வந்துவிட்டது. இதைச் சொல்லி நம் தோழிகள் கேன்டீனில் எங்களை ஓட்டியதை மறக்க முடியாது.)

அந்தப் பக்கத்துத் தெரு நண்பன் என்ன ஆனான் தெரியுமா? பிளஸ் டூ முடித்தான். முழுதாக 48,000-மும் வாங்கினான். பிறகு லேட்டரலில் நேராக இரண்டாமாண்டில் சேர்ந்து, இப்போது நம் கல்லூரியிலேயே எனக்கு ஒரு வருடம் ஜூனியர்! போன மாதம் இரண்டு பேரும் கேன்டீனில் உட்கார்ந்து டீத் தாளின் பின்னால் கணக்குப் போட்டுப் பார்த்தோம். அவன் பக்கம் 24,000 ரூபாயும் பிளஸ் டூ சர்டிபிகேட்டும். என் பக்கம் ஒரு வருடம் முன்னால் கிடைக்கப் போகிற சம்பளம், அதுவும் கேம்பஸில் தேறினால்! "உனக்கு வேலை கிடைச்சப்புறம் சொல்றேன்டா யாரு ஜெயிச்சதுன்னு" என்றான். டீக்காசை அவனையே கொடுக்கச் சொல்லிவிட்டேன்.

இந்த வருடம் என் தங்கச்சி எட்டாவது. தேர்வு எழுதியிருக்கிறாள். மனத்திறன் சுலபமாம், சமூக அறிவியல்தான் கொஞ்சம் இடித்ததாம். முடிவு இன்னும் வரவில்லை. வந்தாலும் வராவிட்டாலும் சரி, வருகிற சனிக்கிழமை அவள் பேரில் கணக்குத் தொடங்கி ஆதாரை இணைத்துவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். அப்பா வர வேண்டாம், நானே கூட்டிப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

"பத்தாவதுக்கு அப்புறம் நான் எங்கண்ணா போறது, பிளஸ் டூவா டிப்ளமோவா?" என்று நேற்று ராத்திரி கேட்டாள்.

மொதல்ல ஒன்பதாவதுல 275 எடு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.