கரிசல் மண்ணிலிருந்து குளிர்நாட்டுக்கு



பெரம்பலூரிலிருந்து அரியலூர் வழியாக ஜெயங்கொண்டம் வரையிலான பயணத்தில் மானாவாரிப் பருத்தியும் மக்காச்சோளமும் மாறி மாறிக் கண்ணில் படுகின்றன. தமிழகத்தில் பருத்தி மிகுதியாகப் பயிராகும் மாவட்டங்களுள் பெரம்பலூரும் ஒன்று. கோடையில் வெயில் நாற்பது டிகிரியைத் தொடும் இந்நிலத்துக்குப் பருத்தியை விட ஏற்ற துணி இல்லை என்பதால், ஓராண்டுப் படிப்புக்காக ஜெர்மனிக்கோ இங்கிலாந்துக்கோ புறப்படும் இவ்வட்டார மாணவரின் பெட்டியிலும் அதுவே முதலில் அடுக்கப்படுகிறது. அங்குள்ள குளிரில் அது எதுவரை உதவும், எங்கே கைவிடும் என்பதை அறிந்து பெட்டி கட்டுவதே முறை.

பருத்தி இழை வியர்வையை உறிஞ்சி நெடுநேரம் ஈரமாகவே வைத்திருக்கும் தன்மையது. வெயிலில் உடலைக் குளிர்விக்கும் அதே ஈரம், பனிக்காலத்தில் உடற்சூட்டைக் கவர்ந்துவிடுகிறது. கம்பளி இழையோ தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை ஏற்ற பின்னும் நனைந்த உணர்வைத் தருவதில்லை. இதனால்தான் குளிர்நாடுகளில் அடுக்குமுறை உடை, அதாவது ஒரே தடித்த உடைக்குப் பதிலாகப் பல மெல்லிய உடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்து, இடையில் தங்கும் காற்றையே போர்வையாக்கிக்கொள்ளும் வழக்கம் வேரூன்றியது. அதில் தெர்மல் எனக் கடைகளில் விற்கப்படும் ஒட்டிய உள்ளாடை முதலாவது. கம்பளி ஸ்வெட்டர் இரண்டாவது. காற்றும் மழையும் புகாத மேலங்கி மூன்றாவது. மார்கழிப் பனிக்கு இவ்வூர்ப் பெரியவர்கள் அணியும் மங்கி குல்லாவும் மஃப்ளரும் கேலிக்கு உள்ளானாலும், காதையும் கழுத்தையும் மூட வேண்டும் என்ற அவற்றின் அறிவு எந்த நாட்டுக்கும் பொருந்தும்.

குளிர்நாட்டுப் பழக்கங்கள் தெரியாமற் போவதால் நேரும் இடருக்குக் கொள்ளிடத்துக்குத் தெற்கே கும்பகோணத்தில் வளர்ந்த கணிதமேதை இராமானுஜனின் வாழ்வு சான்று. 1914 மார்ச் 17 அன்று சென்னையிலிருந்து நெவாசா என்னும் கப்பலில் புறப்பட்ட அவர், அதற்கு முன்பே குடுமி களைந்து ஐரோப்பிய உடைக்கு மாறியிருந்தார்; ஆயினும் கேம்பிரிட்ஜில் இரவுதோறும் மேலங்கியை அணிந்து சால்வையைச் சுற்றிக்கொண்டே உறங்கினார் என்று, அப்போது அங்குப் பயின்ற புள்ளியியலாளர் மகாலனோபிஸ் பின்னாளில் நினைவுகூர்ந்தார். மெத்தையின் ஓரங்களில் செருகப்பட்டிருந்த கம்பளிகளை விலக்கி அவற்றுக்குள் படுக்க வேண்டும் என்பதை அவருக்கு அதுவரை எவரும் சொல்லவில்லை. துணி பற்றாக்குறையாக இல்லை. அதைப் பயன்படுத்தும் முறையே தெரியவில்லை.

பெட்டியில் ஊரிலிருந்து கட்டாயம் செல்ல வேண்டியவை குளிருடைகள் அல்ல, வேறு சில. அங்குள்ள அறைகள் குளிர்காலத்தில் வெப்பமூட்டப்படுவதால், வீட்டுக்குள் கைலியும் நைட்டியும் பருத்திச் சட்டையும் தாராளமாகப் போதும். தடித்த டவலை விட விரைவில் உலரும் ஈரிழைத் துண்டு அறைவாழ்வுக்கு ஏற்றது. தையற்கூலி அந்நாடுகளில் மிகுதி என்பதால் ரவிக்கை, சுடிதார் போன்றவற்றை இங்கேயே அளவெடுத்துத் தைத்துக்கொள்வது சிக்கனம். பொங்கல் விழாவுக்கென ஒரு வேட்டியோ, ஜெயங்கொண்டத்தை அடுத்த செங்குந்தபுரம், இலையூர் போன்ற நெசவூர்களின் பட்டுச்சேலை ஒன்றோ போதும். இரண்டாவது சேலை ஆசைக்கானதே. கனத்த மேலங்கியைத் திருச்சியிலோ சென்னையிலோ தேடுவது வீண்செலவு. அந்தந்த ஊர்க் குளிருக்கு ஏற்றது அங்கேயே, பழைய உடை விற்கும் கடைகளில் மலிவாகவும் கிடைக்கும்.

காலணிக்கு மட்டும் தனிக்கவனம் தேவை. ஷூ கடித்ததால் இராமானுஜன் தம் அறையில் செருப்பையே நாடினார் என்பது அவர் வரலாற்றில் காணப்படும் செய்தி. இன்றோ பெரம்பலூர் மாவட்டம் எறையூர் சிப்காட் தொழிற்பூங்காவில் 2023 நவம்பரில் திறக்கப்பட்ட ஆலை க்ராக்ஸ் காலணிகளைத் தயாரிக்கிறது. ஜெயங்கொண்டம் சிப்காட்டிலும் ஒரு தைவான் நிறுவனத்தின் காலணி ஆலைக்கு 2024 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. ஆனால் செருப்பிலேயே வளர்ந்த கால், ஷூ செய்யும் ஊரில் பிறந்ததால் மட்டும் ஷூவுக்குப் பழகிவிடாது. எனவே பயணம் உறுதியான மாணவர்கள், நீர்புகாத ஒரு ஜோடி ஷூவை ஒரு மாதத்துக்கு முன்பே வாங்கி, கம்பளிக் காலுறையுடன் அணிந்து, ஊர்ச் சாலையிலேயே நாள்தோறும் நடந்து பழகிக்கொள்ள வேண்டும்.