நெருப்பில்லாமல் புகைந்தது

என் மாமியாரை நான் எந்தத் தீ விபத்திலிருந்தும் காப்பாற்றவில்லை. தீ என்று ஒன்று மூளவே இல்லை. கல்யாணம், காதுகுத்து, அறுபதாம் கல்யாணம் என்று எங்கள் உறவினர் கூடுகிற இடத்திலெல்லாம் சொல்லப்பட்டு வரும் அந்தக் கதை பொய். கட்டிவிட்டவன் நான்.

நடந்தது இவ்வளவுதான். ஐப்பசி அடைமழை. மச்சினி மகளுக்கு வரன் கூடிவர வேண்டுமென்று திருவிடந்தை நித்யகல்யாணப் பெருமாளைச் சேவித்துவிட்டு, நனைந்த புடவையும் நனைந்த குடையுமாக, மடியில் ஈர மாலையோடு பெண்கள் எல்லோரும் என் காரில் ஏறினார்கள். ஒவ்வொருவராக ஏறி உட்காரும் வரை கதவுகள் திறந்தே கிடந்தன. நான் ஏ.சி.யைக் கடைசி வரைக்கும் திருகிவிட்டு வண்டியை எடுத்தேன். ஈ.சி.ஆரில் ஏறியதும் டேஷ்போர்டு துவாரங்களிலிருந்து வெள்ளையாக ஏதோ சுருண்டு வந்தது.

“புகை! இறங்குங்க, இறங்குங்க!” என்று கத்தினேன். முழங்கால் வலிக்கார மாமியாரைக் கையைப் பிடித்து இழுத்து, கொட்டும் மழையில் சாலையோரம் நிற்கவைத்தேன். பானெட்டைத் திறந்து, எதைப் பார்க்க வேண்டும் என்றே தெரியாமல் பார்த்தேன். எதுவும் எரியவில்லை. கருகல் வாடைகூட இல்லை.

உண்மையான ஆபத்து அதற்குப் பிறகுதான் வந்தது. ஏ.சி.யை அணைத்துவிட்டு மறுபடி கிளம்பினேன். நனைந்த ஐந்து பேரின் மூச்சில் கண்ணாடி முழுக்க உள்பக்கமாக ஆவி பூத்துவிட்டது. மனைவி முந்தானையால் துடைத்துக்கொண்டே வர, எதிர்வண்டி விளக்குகள் எல்லாம் கலங்கித் தெரிய, உட்கார்ந்திருப்பவர்களின் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு திருவான்மியூர் வரை ஓட்டினேன். ஏ.சி.யைப் போட்டிருந்தால் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி, சில நிமிடங்களில் கண்ணாடியைத் தெளியவைத்திருக்கும். என் கையில் இருந்த ஒரே மருந்தை நானே அணைத்திருந்தேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நான் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். பனிப்புள்ளி, ஒப்பு ஈரப்பதம், ஈரக்குமிழ், உலர்குமிழ் எல்லாவற்றையும் கரும்பலகையில் படம் போட்டு விளக்கியவன். 1902-ல் நியூயார்க்கின் ப்ரூக்ளினில், ஈரக் காற்றில் காகிதம் உப்பி வண்ணங்கள் விலகிப்போன அச்சகம் ஒன்றுக்காகத்தான் வில்லிஸ் கேரியர் தன் இயந்திரத்தை வடிவமைத்தார், குளிர்ச்சியைவிட ஈரத்தைக் கட்டுப்படுத்துவதே முதல் நோக்கம் என்று பொது அறிவுத் துணுக்காகவும் சொல்லியிருக்கிறேன். அத்தனையும் தெரிந்தவன் தன் காருக்குள் மூடுபனியைப் பார்த்ததும் புகை என்று அலறினான். பதற்றத்தில் படிப்பு மறந்துபோவது பெரிய குற்றமில்லை. என் குற்றம் மறுநாள் தொடங்கியது.

மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் ஏ.சி. மெக்கானிக் பையன் நான் சொன்னதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. “கேஸ் லீக்தானே?” என்று நானே தீர்ப்பும் சொன்னேன்.

“கேஸ் லீக் ஆனா கூலிங்கே வராது சார். உங்க வண்டியில கூலிங் நல்லா இருக்கு, அதனாலதான் பனி வருது” என்றான். அன்றும் மழைதான். கதவுகளைத் திறந்துவைத்து ஏ.சி.யை முழுசாக ஓட்டினான்; வெள்ளைச் சுருள் வந்தது. கையை நீட்டிப் பார்க்கச் சொன்னான். ஒரு சாண் தாண்டுவதற்குள் கரைந்தது, வாசனை எதுவும் இல்லை. கதவுகளைச் சாத்தி, வெளிக்காற்று வராமல் உள்காற்றே சுற்றும்படி பட்டனை அழுத்தினான். கொஞ்ச நேரத்தில் சுருள் நின்றுபோனது. திரும்பக் கதவைத் திறந்தான். திரும்ப வந்தது. பிளாஸ்டிக் கருகின நாத்தம் வந்தா பயப்படுங்க, தித்திப்பா ஒரு வாடை வந்து கண்ணாடியில பிசுக்கு படிஞ்சா கூலன்ட் ஒழுகுதுன்னு அர்த்தம், இது ரெண்டும் இல்லை என்றான். காசும் வாங்கவில்லை.

முந்தின நாள் மாலைக் காற்று 28 டிகிரி, ஒப்பு ஈரப்பதம் 90 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கடலோரத்தில் அடைமழை நாளுக்கு இது சாதாரணம். அப்போது ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 24.5 கிராம் நீராவி இருக்கும். கூலிங் காயிலைத் தாண்டி 6 டிகிரியில் வெளியே வரும் காற்றோ 7 கிராமுக்குச் சற்று மேல்தான் தாங்கும். மிச்சமெல்லாம் காயிலிலேயே தண்ணீராகி, குழாய் வழியே வண்டிக்கு அடியில் சொட்டிவிடும். துவாரத்தின் வாயில் இந்தக் குளிர்காற்றும் காருக்குள் நிற்கும் புழுக்கக் காற்றும் பாதிக்குப் பாதி கலந்தால், சுமார் 17 டிகிரி, 16 கிராம். ஆனால் 17 டிகிரிக் காற்றால் 14.5 கிராமுக்கு மேல் தாங்க முடியாது. தாங்க முடியாத அந்த உபரிதான் பொடித்துளிகளாகி வெள்ளையாகத் தெரிகிறது. கலப்பதற்கு முன் புழுக்கக் காற்று தெவிட்டியிருக்கவில்லை. கலந்த பிறகுதான் அளவு மிஞ்சுகிறது. ஊட்டியில் விடியற்காலை வாயைத் திறந்தால் வருகிற புகைக்கும் இதே கணக்குத்தான். இந்தக் கணக்கை ஒர்க்‌ஷாப் வாசலில் நின்றபடியே மனதுக்குள் போட்டுவிட்டேன். அதாவது, வீட்டுக்குக் கிளம்பும்போது எனக்கு எல்லாம் தெரியும்.

வீட்டில் மாமியார் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். “என்ன மாப்பிள்ளை, என்ன சொன்னான்?” என்றார். பனி என்று சொல்ல வாயெடுத்தேன். மழையில் நனைந்து தும்மிக்கொண்டிருந்தவரைப் பார்த்ததும் நாக்கு வேறு வழியில் போனது. “கேஸ் லீக்குதான் அத்தை. இன்னும் ரெண்டு நிமிஷம் விட்டிருந்தா பத்திக்கிட்டிருக்கும். சரி பண்ணிட்டேன்” என்றேன். அவர் சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு என்னைப் பார்த்த பார்வையில், மாப்பிள்ளையாகி இத்தனை வருஷத்தில் எனக்குக் கிடைக்காத ஒரு மரியாதை இருந்தது. ருசி கண்டுவிட்டேன்.

அதன் பிறகு கதை தானாக வளர்ந்தது என்று சொன்னால் அதுவும் பொய். வளர்த்தேன். ஒரு பந்தியில் கருகல் வாடை சேர்ந்தது. இன்னொன்றில் பொறி பறந்தது.

இதற்கு விலை கொடுத்தவர் என் சகலை. அடுத்த மழைக்காலத்தில் அவர் வண்டியிலும் அதே வெள்ளைச் சுருள். என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். “எதுக்கும் காமிச்சிடுங்க சகலை” என்றேன். டேஷ்போர்டையே பிரித்துப் போட்டுக் கூலிங் காயிலைப் புதிதாக மாற்றினார். மளிகைக்கடை வியாபாரிக்கு அது சின்னத் தொகை இல்லை. அடுத்த மழையில் புதுக் காயிலும் பனி விட்டது. புதிது அல்லவா, முன்னைவிடத் தாராளமாக.

இதற்கு நடுவில் ஒருமுறை சென்னை விமான நிலையத்தில், கதவு சாத்தாத விமானத்துக்குள், தலைக்கு மேலிருந்து இருக்கை வரிசை முழுக்க வெண்புகை இறங்கியது. பக்கத்து இருக்கைப் பெண்மணி முதல் பயணம் போலும், எழுந்தே விட்டார். நான் அவரை உட்காரவைத்து, பனிப்புள்ளி முதல் பொடித்துளி வரை அழகாக விளக்கினேன். கதவு சாத்தியதும் நின்றுவிடும் பாருங்கள் என்றேன், நின்றது. முன்பின் தெரியாதவரிடம் சரியான பாடம் நடத்தத் தெரிந்த எனக்கு, சகலையிடம் ஒரு போன் போடத் தெரியவில்லை. விளக்கி முடித்ததும் வந்த பெருமிதத்தை நினைத்தால் இப்போது கூசுகிறது.

போன தீபாவளிக்குச் சகலையிடம் சொல்லிவிட்டேன். முறுக்கைக் கடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தவர், “அந்த மெக்கானிக்கும் இதையேதான் சொன்னான். மாத்த வேணாம் சார், வெறும் பனின்னான். எங்க சகலை பிசிக்ஸ் வாத்தியார், உனக்கு அவரைவிடத் தெரியுமான்னு நான்தான் அவனைச் சத்தம் போட்டு மாத்தவெச்சேன்” என்றார். காயிலுக்கு ஆன பணத்தை ஒரு கவரில் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். வேண்டாம் என்பார் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்தேன். வாங்கி எண்ணிப் பார்த்து, கல்லாச் சாவியை எடுத்தார்.

மாமியாரிடம் இன்னும் சொல்லவில்லை. காரில் ஏறுமுன் “கேஸ் சரியா இருக்கா மாப்பிள்ளை?” என்று இப்போதும் கேட்கிறார், இருக்கிறது என்கிறேன். ஆனால் அவருக்குப் பத்திரிகையைப் பின்னட்டையிலிருந்து தொடங்கி ஒரு வரி விடாமல் படிக்கிற பழக்கம் உண்டு. நான் தைரியத்தைத் திரட்டிக்கொண்டு போய் நிற்பதற்குள் அவர் இந்தப் பக்கத்துக்கு வந்திருப்பார்.